காவிரிப் படுகையில் பகையும் தூதும்

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் செல்லும் இருப்புப்பாதையில், அம்மாபேட்டையைக் கடந்து நீடாமங்கலத்தை எட்டுமுன், கோவில்வெண்ணி என்னும் சிறிய நிலையம் ஒன்று வருகிறது. சம்பந்தரும் அப்பரும் பாடிய கரும்பேசுவரர் திருக்கோயிலால் அவ்வூரை அறிந்தவர் பலர். கரிகால் வளவன் என்னும் இளைஞன், சேரனும் பாண்டியனும் வேளிர் பதினொருவரும் ஒன்றுகூடிக் கொணர்ந்த பெரும்படையை முறியடித்துச் சோழநாட்டின் தலைவிதியை நிர்ணயித்த வெண்ணிப் பறந்தலை அதுவே என்று நினைப்பவர் சிலர். அங்கிருந்து கிழக்கே சென்றால் குடவாசல். சேரவேந்தன் ஒருவன் சிறைப்பட்டிருந்த குடவாயிற் கோட்டம் அது என்பர். அதன் அருகே தலையாலங்காடு. பாண்டியன் நெடுஞ்செழியன் எழுவரை வென்ற தலையாலங்கானம். வடக்கே கும்பகோணத்தை நோக்கித் திரும்பினால், சோழர் குடிக்குள்ளேயே எழுந்த முற்றுகையைக் கண்ட ஆவூர். ஒரே நாளில் சுற்றி வந்துவிடக்கூடிய இந்நெல்வயல்களுக்குள், சங்க காலத் தமிழ்நாட்டின் ராஜரீக வரலாற்றில் பாதி அடங்கிக் கிடக்கிறது.

கிரேக்க நாட்டிலும் இப்படி ஒரு சமவெளி உண்டு. தீப்ஸ் நகரத்தைச் சூழ்ந்த பொயோஷியாவைப் போர்த்தெய்வத்தின் ஆடரங்கு என்று தளபதி எபமினோண்டாஸ் வருணித்ததாகப் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, கொரிந்து, தீப்ஸ் என்னும் நகர ராஜ்யங்கள் ஒரே பாஷை பேசி, ஒரே தெய்வங்களை வணங்கி, ஒலிம்பியா விழாவுக்கு ஒருமித்துச் சென்றுகொண்டே, தம்முள் ஓயாமல் பொருதன. உறையூர், புகார், மதுரை, கருவூர், தகடூர், பறம்பு என்னும் நம் தலைநகரங்களின் கதையும் ஏறக்குறைய அதுவே. ஒரே மொழியும் ஒரே புலவர் கூட்டமும் கொண்ட நாட்டில் மூவேந்தரும் வேளிரும் இடைவிடாது போரிட்டார்களே, அப்போர்களுக்கு இடையே சமாதானம் பேசும் முறை ஏதும் இருந்ததா, இருந்ததெனில் அதன் சக்தி எவ்வளவு என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சான்றுகளைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் கி.மு. 431 முதல் 404 வரை நடந்த பெரும்போரை, அதில் படைத்தலைமை வகித்து, தோல்வியின் பொருட்டு நாடுகடத்தப்பட்ட தூசிடிடீஸ் என்பவரே ஆண்டுவாரியாக எழுதிவைத்தார்; உடன்படிக்கைகளின் வாசகங்களையும் தம் நூலில் சேர்த்தார். நமக்கு அப்படி ஒரு சரித்திராசிரியர் இல்லை. புறநானூறும் பதிற்றுப்பத்தும், அகநானூற்றில் பரணரும் மாமூலனாரும் காதற்செய்திக்கு நடுவே உவமையாகச் செருகிய போர்க்குறிப்புகளும், பாட்டின் அடியில் பிற்காலத்தார் எழுதிச் சேர்த்த கொளுக்களுமே நம் ஆவணங்கள். உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த காலத்தில், 1894ஆம் ஆண்டில், புறநானூற்றை அச்சேற்றியிராவிட்டால் இவற்றிற் பெரும்பகுதி இன்றும் இருளில்தான் இருக்கும். அப்போர்க்களங்களுக்கு அண்மையிலேயே அவற்றின் நினைவு மீட்கப்பட்டது என்பது எண்ணி மகிழத்தக்கது. கொளுக்களை வேதவாக்காகக் கொள்ளாமல், எனினும் அவற்றைத் தள்ளிவிடாமல் நடப்பதே நேரிய வழி என்று தோன்றுகிறது. நல்லவேளையாகக் கல்லும் சிறிது துணை செய்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு அசோகன் சாஸனங்கள் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர், சத்தியபுத்திரர் என்று நால்வரை அவன் எல்லைக்கு அப்பாற்பட்டவராகச் சொல்கின்றன. திருக்கோவலூருக்கு அருகில் ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியைச் சத்தியபுதோ என்று குறித்து, நெடுநாளைய புதிர் ஒன்றை அவிழ்த்துவிட்டது.

பகைக்குக் காரணம் என்ன என்று கேட்டால், புலவர்கள் மானம் என்பார்கள்; நிலத்தைப் பார்த்தால் நெல் என்று தோன்றுகிறது. ஒரு வேலி நிலம் ஆயிரம் கலம் விளையும் நாடு என்று பொருநராற்றுப்படை காவிரிச் சோழநாட்டைப் புகழ்கிறது. கவிஞரின் மிகையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், மழையை நம்பிய மேட்டு நிலத்து வேளிருக்கும், மிளகும் தந்தமும் விற்று வாழ்ந்த சேரனுக்கும், வைகையின் நிச்சயமற்ற வெள்ளத்தை எதிர்நோக்கிய பாண்டியனுக்கும், இப்படுகை எவ்வளவு பெரிய ஆசையாகவும் அச்சமாகவும் இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். ஆசை என்றேன், அச்சம் என்பதே பொருத்தமான சொல். காவிரியின் நெல்லும் புகார்த் துறைமுகத்தின் சுங்கமும் வலிமையுள்ள ஒருவன் கையில் சேருமானால், மற்றவர் அனைவரும் திறை கட்டுவோராகிவிடுவர். ஏதென்ஸின் வலிமை வளர்ந்ததும் அது ஸ்பார்ட்டாவுக்கு ஊட்டிய அச்சமுமே பெரும்போரின் மெய்யான காரணம் என்று தூசிடிடீஸ் தீர்மானித்தார். வெண்ணியில் கூடிய கூட்டணிக்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கூட்டணி என்பது எப்போதும் உயர்ந்து வருபவனுக்கு எதிராகவே அமைந்தது. வெண்ணியில் கரிகாலனுக்கு எதிராக அமைந்தது. அடுத்து வாகைப்பறந்தலையில் ஒன்பதின்மர் சேர்ந்து வந்து, அரை நாளுக்குள் தம் குடைகளைப் போட்டுவிட்டு ஓடினர் என்கிறார் பரணர். அதே தர்க்கம் தலைமுறைகள் கழித்துத் திசை மாறி, இளம்பாண்டியன் நெடுஞ்செழியன்மீது பாய்ந்தது. சேரன், செம்பியன், திதியன், எழினி, எருமையூரன், இருங்கோவேண்மான், பொருநன் என்று அவனை எதிர்த்த எழுவரையும் நக்கீரர் வரிசைப்படுத்துகிறார். இவர்களில் எருமையூரன் வடக்கே மைசூர்ப் பக்கத்தவன் என்பர். அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவன் வந்து சேர வேண்டுமானால், ஓலையும் தூதரும் பல திங்கள் நடந்திருக்க வேண்டும். அந்தப் பேச்சுவார்த்தையின் ஒரு சொல்கூடப் பாட்டில் இல்லை. போர்முனை மட்டுமே புலவருக்குப் பொருளாயிற்று. அதற்கு முன் நடந்த மந்திராலோசனை பொருளாகவில்லை. எழுவரும் மதுரைவரை சென்று, அங்கே தோற்று, நெடுஞ்செழியனால் துரத்தப்பட்டுச் சோழநாட்டுத் தலையாலங்கானத்தில் முடிவைக் கண்டனர் என்று வரலாற்றாசிரியர் கொள்வர். நூற்றாண்டுகள் கழித்தும் பாண்டியர் இதை மறக்கவில்லை; பத்தாம் நூற்றாண்டுச் சின்னமனூர்ப் பெரிய செப்பேடு தம் முன்னோரின் பெருமைகளில் தலையாலங்கானத்தையும் எண்ணுகிறது.

அப்போருக்குப் புறப்படுமுன் நெடுஞ்செழியன் உரைத்த வஞ்சினம் அவன் பெயராலேயே புறநானூற்றில் நிற்கிறது. பகைவரை வென்று அவர் முரசைக் கைக்கொள்ளேனாயின், குடிகள் என்னைக் கொடுங்கோலன் என்று பழிக்கட்டும், மாங்குடி மருதன் தலைமையிலான புலவர் என் நாட்டைப் பாடாது ஒழியட்டும், இரப்போர்க்கு ஈய இயலாத வறுமை என்னை வந்து சேரட்டும் என்பது அதன் கருத்து. தனக்குத்தானே விதித்துக்கொண்ட மூன்று தண்டனைகளில் ஒன்று புலவரின் மௌனம். கிரேக்கன் உடன்படிக்கை செய்யும்போது தெய்வத்தைச் சாட்சியாக்கி, மீறினால் தெய்வகோபம் வரட்டும் என்று சத்தியம் செய்து, அதைக் கல்லில் பொறித்துக் கோயிலில் நாட்டினான். தமிழ்வேந்தனுக்கு அவ்விடத்தில் புலவன் நின்றான். இந்த ஒரு வேற்றுமையை மனத்திற் கொண்டால், இரு நாடுகளின் ராஜதந்திரமும் ஏன் இருவேறு குணங்கள் பெற்றன என்பது விளங்கத் தொடங்கும்.

போர்முறையில் இரு நாடுகளும் அவ்வளவு தூரம் விலகியவை அல்ல. ஸ்பார்ட்டர் ஆண்டுதோறும் விளைச்சல் முற்றும் பருவத்தில் ஏதென்ஸின் நாட்டுக்குள் புகுந்து பயிரை அழித்தது போலவே, நம் வேந்தரும் பகைவர் நாட்டை எரியூட்டினர், காவல் மரத்தை வெட்டினர், அழித்த கோட்டையைக் கழுதை ஏரால் உழுதனர். ஆயினும் வரம்பும் இருந்தது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், பசுக்கள், அந்தணர், பெண்டிர், பிணியாளர், புதல்வரைப் பெறாதோர் ஆகியோரை முன்னறிவித்து விலகச் செய்த பின்பே அவன் அம்பு தொடுப்பான் என்கிறார். ஆநிரை கவர்தல் தொடங்கி வாகை சூடுதல் வரை போரின் படிகளை வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை எனத் திணைகளாக்கித் தொல்காப்பியம் இலக்கணம் சொன்னது. போருக்கு இலக்கணம் எழுதிய நாடு என்று இதைப் பெருமையாகச் சொல்வோர் உண்டு. சமாதானத்துக்குத் தனியாக ஒரு திணை வகுக்கவில்லையே என்பது என் குறை.

சமாதானத்தின் கருவிகளில் மணம் முதன்மையானது. கரிகாலனின் தந்தை இளஞ்சேட்சென்னி அழுந்தூர் வேளின் மகளையும், கரிகாலன் நாங்கூர் வேளின் மகளையும் மணந்தனர் என்று நச்சினார்க்கினியர் உரைக்கிறார். தேரழுந்தூரும் நாங்கூரும் இன்றைய மயிலாடுதுறைப் பக்கத்து ஊர்கள். தன் படுகைக்குள்ளேயே இருந்த வேளிரைச் சோழன் உறவால் கட்டிக்கொண்டான் என்பது தெளிவு. ஆனால் மணம் பகையையும் பெற்றது. சோழன் மகளின் வயிற்றில் பிறந்த சேரன் செங்குட்டுவன், அந்த உரிமையாலேயே சோழர் அரியணைத் தகராறில் தலையிட்டு, ஒன்பது சோழரை நேரிவாயிலில் வென்று தன் மைத்துனனை அமர்த்தினான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது.

இனி தூது. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் சார்பில் ஔவையார் காஞ்சித் தொண்டைமானிடம் சென்றது அனைவரும் அறிந்த கதை. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் வேல்கள் நெய் பூசி, பீலி அணிந்து, காவலுக்குள் மினுமினுக்கின்றன. எங்கள் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி ஒடிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று அவர் பாடியதைப் பள்ளிப் பிள்ளைகளும் ரசிப்பர். புகழ்வது போல் இகழ்ந்த அந்தச் சாதுரியம் போற்றத்தக்கதே. ஆனால் தூதின் விளைவு யாது? அதியமானின் முடிவு தொண்டைமானால் வராமல், மேற்கிலிருந்து வந்தது. பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்தான், அரிசில் கிழார் அவனைப் பாடிப் பரிசு பெற்றார். ஔவையின் தூது ஒரு பக்கத்து வாசலை மட்டுமே அடைத்தது போலும்.

புலவரின் சமாதானப் பணியை எடைபோட வேண்டுமானால் கோவூர் கிழாரைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசியே ஆக வேண்டும். சோழர் குடியில் நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்தனர். நலங்கிள்ளி ஆவூரை முற்றினான். நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தான். அகத்தே யானைகள் உணவின்றி வருந்துகின்றன, குழந்தைகள் பாலின்றி அழுகின்றன, மகளிர் பூவின்றித் தலை முடிக்கின்றனர். அறவழி எனில் கதவைத் திறந்து கொடுத்துவிடு, மறவழி எனில் திறந்து போரிடு, இரண்டுமின்றி அடைத்துக்கொண்டிருப்பது நாணத்தக்கது என்று கோவூர் கிழார் அவன் முகத்துக்கு நேரே சொன்னார். பின்னர் உறையூர் முற்றப்பட்டபோது இருவரையும் நோக்கிப் பேசினார். உன் எதிரே நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனும் அல்லன், வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே. இப்போர் பிற வேந்தர்க்கே களிப்பூட்டும் என்றார். இந்தக் கடைசி வாதத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். உணர்ச்சியைத் தூண்டும் பேச்சோடு நின்றுவிடாமல், சேரனும் பாண்டியனும் காத்திருக்கிறார்கள் என்ற ராஜரீகக் கணக்கையும் முன்வைக்கும் பேச்சு இது. கி.மு. 380 அளவில் ஐசொக்ரட்டீஸ் கிரேக்கருக்கு, நீங்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டால் பாரசீக ராஜாவே லாபமடைவான் என்று எழுதியதற்கு இதனினும் நெருங்கிய தமிழ்ச் சான்று இல்லை.

இதே பகையின் நடுவே இளந்தத்தன் என்னும் புலவன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வர, அவனை ஒற்றன் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். புலவர் வாழ்க்கை பிறர்க்குத் தீங்கு செய்யாத வாழ்க்கை, வென்று தலைநிமிர்ந்தாலும் அரசரோடு ஒப்ப நிற்கும் செம்மை உடையது என்று வாதாடிக் கோவூர் கிழார் அவனை மீட்டார். தூதரைக் கொல்லலாகாது என்ற தர்மம் கிரேக்கரிடமும் இருந்தது. எனினும் பாரசீக மன்னன் மண்ணும் நீரும் கேட்டு அனுப்பிய தூதரை ஏதென்ஸார் படுகுழியிலும் ஸ்பார்ட்டர் கிணற்றிலும் தள்ளினர் என்று ஹெரொடோட்டஸ் கூறுகிறார். ஸ்பார்ட்டர் பிற்காலத்தில் அப்பாவத்துக்குப் பிராயச்சித்தம் தேடி இருவரைப் பாரசீகத்துக்கு அனுப்பினர். ஊர் ஊராய்ச் செல்லும் புலவன் ஒற்றனாக இருக்கக் கூடும் என்று நெடுங்கிள்ளி ஐயுற்றது அப்படியொன்றும் மூடத்தனமன்று. எல்லைகளைத் தடையின்றிக் கடந்து, எல்லா அவைகளிலும் உண்டு, எல்லார் வலிமையையும் கண்டறிந்தவர் அக்காலத்தில் அவர்களே அல்லவா? இன்னொரு முறை கிள்ளிவளவன் மலையமானின் சிறு புதல்வரை யானைக் காலில் இடத் துணிந்தபோதும், புறாவைக் காத்தவன் மரபில் வந்தவனே என்று அவனுக்கு அவன் குலத்தை நினைவூட்டி, யானையைக் கண்டு அழுகையை மறந்து நின்ற அக்குழந்தைகளின் உயிரைக் காத்தவர் கோவூர் கிழாரே.

இங்கேதான் நம்மவர் வழக்கமாகக் கோவூர் கிழாருக்குச் சாந்தித் தூதர் என்று பட்டம் சூட்டிவிட்டு மேலே சென்றுவிடுகிறார்கள். நான் சற்றுத் தயங்குகிறேன். இளந்தத்தன் பிழைத்தான், மலையமான் மக்கள் பிழைத்தனர், ஆனால் நெடுங்கிள்ளியைக் கொளுக்கள் எவ்வாறு அழைக்கின்றன? காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி என்று. காரியாற்றங்கரையில் அவன் மாண்டான். ஆவூரிலும் உறையூரிலும் சொன்ன அத்தனை நல்லுரைக்குப் பிறகும் பகை அவன் முடிவு வரை தொடர்ந்தது என்றே வரலாற்றாசிரியர் கருதுகின்றனர். ஒரு தனி மனிதனின் உயிர் வேந்தனின் கையில் இருந்தபோது புலவரின் சொல் பலித்தது. ஒரு நாட்டின் ஆட்சி இருவர் நடுவே நின்றபோது அது பலிக்கவில்லை. கருணையைக் கேட்டுப் பெறுவது ஒன்று. உரிமையைப் பங்கிட்டு வைப்பது வேறொன்று. பங்கிடுவதற்கு எல்லைக்கல்லும் சாட்சியும் தவணையும் மீறினால் கேட்பாரும் வேண்டும்; இவற்றுள் ஒன்றையும் புலவர் தர முடியவில்லை. மூவேந்தரும் பறம்பை முற்றியபோது கபிலர் எவ்வளவோ பாடியும் பாரியை அவரால் காக்க இயலவில்லை என்பதும் இதே கணக்கில் சேரும். விதிவிலக்காகக் கோப்பெருஞ்சோழனைச் சொல்லலாம். தன் இரு புதல்வர்மீது படையெடுத்த அவனிடம், நீ வென்றால் உன் செல்வத்தை யாருக்கு விட்டுச் செல்வாய் என்று புல்லாற்றூர் எயிற்றியனார் கேட்டார்; அவன் போரை விட்டு வடக்கிருந்து உயிர் துறந்தான். அங்கே வென்றது நாணம். உடன்படிக்கை ஏதும் எழவில்லை.

நாணத்தின் இந்த வலிமைதான் தமிழ்ப் போர்நெறியின் தனிச்சிறப்பு என்று தோன்றுகிறது. வெண்ணியில் தோற்ற பெருஞ்சேரலாதன், மார்பை ஊடுருவிய வேல் முதுகிலும் புண் செய்ததை மானக்கேடாகக் கருதி, களத்திலேயே வடக்கிருந்தான். சான்றோர் பலர் அவனோடு உயிர் விட்டனர் என்று மாமூலனார் கூறுகிறார். அவ்வூர்க் குயவர் குடியில் பிறந்த வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர், வென்று நிற்கும் கரிகாலனையே நோக்கி, உன்னினும் அவன் நல்லவன் அல்லவா என்று கேட்டுவிட்டார். வென்றவன் அவையில் தோற்றவனுக்கு மேன்மை சொல்லும் இவ்வுரிமையை ஏதென்ஸின் சபையில்கூட எளிதாகக் காண முடியாது. கி.மு. 416இல் மீலோஸ் தீவாரிடம் ஏதென்ஸ் தூதர்கள், வலியவர் இயன்றதைச் செய்வர், எளியவர் தாங்கிக்கொள்ள வேண்டியதே என்ற கருத்தில் பேசினர் என்றும், பின்னர் ஆண்களைக் கொன்று பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றனர் என்றும் தூசிடிடீஸ் எழுதுகிறார். அங்கே ஒரு குயத்தியார் இருந்ததாகத் தெரியவில்லை.

சிறைப்பட்ட வேந்தரை என்ன செய்வது என்பதிலும் முறையான வழக்கம் எதுவும் வேர்கொள்ளவில்லை. நெடுஞ்செழியன் சிறைபிடித்த மாந்தரஞ்சேரல் இரும்பொறை, குழியில் வீழ்ந்த யானை கரையை இடித்துக்கொண்டு வெளியேறுவது போலத் தன் வலியாலேயே தப்பினான் என்று குறுங்கோழியூர் கிழார் பாடினார். சோழன் செங்கணானால் சிறைப்பட்ட சேரன் கணைக்கால் இரும்பொறை, குடவாயிற் கோட்டத்தில் தண்ணீர் கேட்டுக் காலந்தாழ்ந்து பெற்று, அதனைப் பருகாமல் மாண்டான் என்று புறநானூற்றுக் கொளு சொல்கிறது; களவழி நாற்பதைப் பாடிப் பொய்கையார் அவனை மீட்டார் என்று வேறொரு வழக்கு இருக்கிறது. இரண்டையும் ஒருசேர மெய்யாகக் கொள்வது கடினம். எனினும் ஒரு பாட்டு நூலையே மீட்புப் பொருளாகக் கொடுத்து வேந்தனை விடுவிக்கலாம் என்று ஒரு சமுதாயம் நம்பியது எவ்வளவு விசித்திரமான செய்தி! கிரேக்கர் கைதிகளைப் பணம் வாங்கிக்கொண்டு விடுவித்தனர், அல்லது ஸ்பாக்டீரியாத் தீவில் கி.மு. 425இல் பிடிபட்ட ஸ்பார்ட்டரை வைத்துப் பேரம் பேசியது போல, பிணையாக நிறுத்திக்கொண்டனர்.

வேந்தர் கூடியிருந்து மகிழ்ந்த நாட்களும் உண்டு. குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவனும் வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதியும் ஒருங்கிருந்ததைக் காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் பாடி, இந்நட்பைப் பிரிக்க முயல்வோர் சொல்லைக் கேளாதீர், பிறர் குன்றுகளில் புலியும் கயலும் சேர்த்துப் பொறிக்கப்படுக என வாழ்த்தினார். வாழ்த்தை ஊன்றிப் படித்தால், அந்த அவையில் சேரன் இல்லை என்பதும், பொறிக்கப்பட வேண்டிய குன்றுகள் யாருடையவை என்பதும் ஐயம் எழுப்புகின்றன. நட்பு இங்கும் ஒரு மூன்றாமவனை நோக்கியே அமைகிறது. ராஜசூயம் வேட்ட பெருநற்கிள்ளி, சேரமான் மாரிவெண்கோ, கானப்பேர் தந்த உக்கிரப்பெருவழுதி ஆகிய மூவரும் ஒருங்கிருந்ததை ஔவையார் கண்டு, மழைத்துளியினும் பலவாக வாழ்க என்று ஆசி கூறினார். அவர் கூறியது ஆசி மட்டுமே. கலிங்கத்துக் காரவேலனின் ஹாத்திகும்பாக் கல்வெட்டு தமிழ்நாட்டார் கூட்டு ஒன்றைத் தான் உடைத்ததாகச் சொல்கிறது என்று படிப்பவர்கள் உண்டு. மாமூலனாரும் தமிழ் மூவர் காக்கும் எல்லை என்று குறிக்கிறார். வெளியிலிருந்து வரும் ஆபத்து மூவரையும் சிலபோது சேர்த்திருக்கலாம். பாரசீகம் படையெடுத்த கி.மு. 480–479இல் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் ஒன்றாகப் பொருதது அத்தகையதே. ஆயினும் பகைவன் போனதும் கூட்டும் போயிற்று. கல்லில் எழுதி ஐம்பது ஆண்டுக்கென்று சத்தியம் செய்த கிரேக்கரின் கி.மு. 421 சமாதானமும் சில ஆண்டுகளிலேயே சிதைந்தது என்பதால், எழுத்து இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நினைப்பதற்கும் இடமில்லை. எழுத்து மீறலைத் தடுக்கவில்லை. மீறியவன் யார் என்று வாதிடவாவது ஆதாரம் தந்தது. ஏதென்ஸாரின் மீது குற்றம் சாட்டக் கொரிந்து தூதர்கள் ஸ்பார்ட்டாவின் சபையில் உடன்படிக்கையைச் சுட்டிப் பேசினர். உறையூரிலோ மதுரையிலோ அப்படிச் சுட்டிப் பேச ஒன்றும் இல்லை.

மூவேந்தரின் இந்த ஓயாத சமநிலை எப்போது குலைந்தது என்று கேட்டால், களப்பிரர் காலத்தைக் கடந்து, ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வர வேண்டும். கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பியத்தில், பாண்டியன் வரகுணனை எதிர்த்துப் பல்லவன் அபராஜிதனும் கங்கன் முதலாம் பிருதிவீபதியும் நின்றனர். விஜயாலயன் மகன் ஆதித்தன் பல்லவன் பக்கத்தில் சிறிய கூட்டாளியாக நின்றான். கங்கன் தன் உயிரைக் கொடுத்து நண்பனின் அபராஜிதன் என்னும் பெயரை மெய்யாக்கினான் என்று உதயேந்திரம் செப்பேடு நயமாகச் சொல்லும். பாண்டியன் தளர்ந்தான், பல்லவன் களைத்தான், கங்கன் மாண்டான். லாபம் முழுவதையும் சிறிய கூட்டாளி அடைந்தான். சில ஆண்டுகளில் ஆதித்தன் அந்த அபராஜிதனையே வென்று தொண்டைநாட்டைக் கவர்ந்தான். வென்ற நாட்டைத் திறைக்கு விட்டுத் திரும்பும் பழைய வழக்கம் அதன் பின் மெல்ல மறைந்தது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜேந்திரன் தன் மகனையே சோழ பாண்டியன் என்ற பட்டத்தோடு மதுரையில் அமர்த்தினான். அதற்கு முன்பே ராஜராஜன் காலத்தில், வென்ற நாடுகளைப் பட்டியலிடும் மெய்க்கீர்த்தி கல்வெட்டுகளின் தலைப்பில் இடம்பெறத் தொடங்கிவிட்டது. ஒரே வாசகம் ஊர்தோறும் கோயிற்சுவரில் ஏறியது. அவ்வாசகத்தை இயற்றிய புலவர் தோற்றவன் நல்லவன் என்று சொல்லவுமில்லை, சொல்லுமாறு எவரும் அவரிடம் எதிர்பார்க்கவுமில்லை.